பதினான்கு பாட்டும் மறைந்த தீர்ப்பும்

பாட்டைக் கேட்டு மகிழ்தல் யாவர்க்கும் எளிது. பல பாட்டுக்களுள் இதுவே சிறந்தது என்று பலரும் ஒப்பத் தீர்ப்புக் கூறுதல் அரிது. மொழியாலும் பழக்கத்தாலும் வேறுபட்ட நாடுகள் பல ஓரரங்கில் நின்று பாடுமிடத்து அவ்வருமை எத்துணை மிகும்! இதனை விளக்குதற்கு, ஐரோப்பாவில் 1956-ஆம் ஆண்டு முதன்முதல் நிகழ்ந்த பன்னாட்டுப் பாட்டுப் போட்டியை ஈண்டு எடுத்துக்கொள்வாம். யூரோவிஷன் என்னும் பெயரால் உலகறிந்த போட்டி அதுவே.

1950-இல் ஐரோப்பிய நாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் ஒரு சங்கமாகக் கூடின. ஒரு நாட்டில் நிகழும் காட்சியைப் பல நாட்டாரும் அந்நேரத்திலேயே தொலைக்காட்சியிற் காணும்படி செய்தல் கூடுமோ என்று ஆராய்வது அச்சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதற்கேற்றதொரு நிகழ்ச்சியை நாடியவர்கள், இத்தாலியில் 1951 முதல் நடைபெற்றுவந்த சான் ரேமோ பாட்டு விழாவை முன்மாதிரியாகக் கொண்டனர். அங்ஙனம் எழுந்த போட்டி, 1956 மே 24-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லூகானோ நகரில், குர்சால் அரங்கில் நடைபெற்றது.

வந்த நாடுகள் ஏழு: நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ், லக்ஸம்பர்க், இத்தாலி. நாட்டிற்கு இரண்டாகப் பாட்டுக்கள் பதினான்கு. ஒவ்வொன்றையும் ஒருவரே பாடுதல் வேண்டும். மூன்றரை நிமிடத்திற்கு மிகுதலாகாது. பதினான்கனுள் ஏழு பிரெஞ்சு மொழியின, மூன்று ஜெர்மன், இத்தாலியமும் டச்சும் இவ்விரண்டு.

அப்பாட்டுக்களின் பொருள் ஒருதன்மைத்தன்று. முதற்கண் நெதர்லாந்தின் ஜெட்டி பேர்ல் தம் நாட்டுப் பறவைகளைப் பாடினார். பெல்ஜியத்தின் ஃபுட் லெக்லேர் சேன் ஆற்றில் மூழ்கி மாண்டாரைப் பாடினார். ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ் என்பார், பெரும்பேறு வருமென்று காத்திருப்போர் நிலையைப் பொருளாக்கினார். அந்நாட்டிற்கே பாடிய ஃபிரெட்டி குவின் அமெரிக்க நாட்டுப் புதுத் துள்ளிசையைக் கலந்தார். இத்தாலியின் ஃபிராங்கா ரைமொண்டி, வேனில் வந்தது, சாளரங்களைத் திறமின் என்றார். ஒருபால் சாவு, ஒருபால் வசந்தம். இவற்றை ஒரே துலாக்கோலில் நிறுத்தல் எங்ஙனம்?

நிறுத்த முறையே நாம் கருதற்பாலது. நாட்டிற்கு இருவராக நடுவர் அமர்த்தப்பெற்றனர். லக்ஸம்பர்க்கின் நடுவர் வாராமையால், சுவிஸ் நாட்டார் இருவர் அவர்க்கு ஈடாக வாக்களித்தனர். தம் நாட்டுப் பாட்டிற்குத் தாமே மதிப்பெண் இடுதலும் அன்று விலக்கப்படவில்லை. மதிப்பெண்கள் மறைவாக இடப்பெற்றன. முடிவில், சுவிட்சர்லாந்தின் லிஸ் அஸியா பாடிய ‘ரெஃப்ரேன்’ என்னும் பாட்டே வென்றதென்று அறிவித்தனர். பல்லவி என்பது அப்பெயரின் பொருள். கழிந்த இளமையையும் காதலையும் எண்ணி ஏங்குவது அப்பாட்டு. அஃது இனிய பாட்டென்பதில் ஐயமில்லை. ஆயின் இரண்டாவது எது, கடையது எது என்பன அன்றும் வெளியிடப்படவில்லை; பின்னும் வெளிப்படவில்லை. பதின்மூன்று பாட்டுக்களின் தகுதி மரக்காலின்கீழ் வைத்த விளக்காயிற்று. வென்றார்க்கும் இதனாற் குறையுண்டு. விருந்து நடத்திய நாடே வென்றமையால், ஐயுறுவாரை வாயடைக்கச் சான்று காட்ட இயலாதாயிற்று.

இவ்விடத்து எம்மூர்ப் பக்கத்துச் செய்தியொன்று நினைவிற்கு வருகின்றது. யாம் ராஜகுளத்தினேம், எம் வட்டாரத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளிற் பொறித்த கல்வெட்டுக்கள் குடவோலை முறையைக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, அவையோர் அனைவரும் காண எடுத்துக் காட்டுவர், ஒன்றும் அறியாச் சிறுவன் ஓலையை எடுப்பான், ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பர், உடனிருந்தாரும் வாசிப்பர். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். இது தகுதி கண்டு மதிப்பெண் இடுதலன்று, சீட்டெடுத்தலே என்பதும், நிலமுடைய மறையோர்க்கே அவ்வுரிமை இருந்ததென்பதும் மறைக்கற்பாலனவல்ல. எனினும் கை விரித்துக் காட்டல், உறவை விலக்கல் என்னும் இரண்டும் எக்காலத்தும் கொள்ளத்தக்கன.

ஐரோப்பியரும் விரைவில் அந்நெறியையே அடைந்தனர். 1957-இல் பிராங்க்பர்ட்டில் நடந்த இரண்டாம் போட்டியில், தம் நாட்டிற்கு வாக்களித்தல் விலக்கப்பட்டது. மதிப்பெண்கள் பலகையில் எல்லாரும் காண எழுதப்பெற்றன. முன்னாண்டு தோற்றாருள் ஒருவரான நெதர்லாந்தின் கோரி பிரொக்கன் அவ்வாண்டு வென்றார். 31 வாக்குக்கள் பெற்றார் என்று நாமும் அறிகின்றோம்.

வெளிப்படையான தீர்ப்பும் விதி குறையின் இடர்ப்படும். 1969-இல் மாட்ரிட் நகரில் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நான்கும் 18 புள்ளிகள் பெற்றுச் சமமாயின. சமமாயின் என் செய்வதென்று முன்னரே வகுத்திலர். ஆகவே நான்கிற்கும் வெற்றி கூறினர். மனங்கசந்த நாடுகள் சில மறு ஆண்டு வாராதொழிய, 16-ஆக இருந்த தொகை 12-ஆகச் சுருங்கிற்று. பின்னர் விதி வகுத்தனர். 1991-இல் ஸ்வீடனும் பிரான்சும் 146 புள்ளிகளில் ஒத்து நின்றபோது, 12 புள்ளி பெற்ற முறைகளை எண்ணினர். அதிலும் ஒத்தமையின் 10 புள்ளிகளை எண்ணி ஸ்வீடனுக்குப் பரிசளித்தனர். தோற்ற நாடும் தான் தோற்ற காரணத்தைக் கண்ணாரக் கண்டது.

பரிசு ஒருவர்க்கே உரியது. நீதியோ பாடினார் அனைவர்க்கும் உரியது. கல்லூரி விழாக்களிற் பாடியும் பேசியும் தோற்கும் மாணவர் நம்முள்ளும் பலர். அவர் வேண்டுவது ஆறுதல் மொழியன்று, விரித்த உள்ளங்கை. அதனைக் கண்டார், கோரி பிரொக்கனைப் போல, மறு ஆண்டும் மேடையேறத் துணிவர். நாளை நடுவராக அமரும் நாள் நமக்கு வரின், இதனை மறவாதிருப்போமாக.