நான்கு சக்கரங்களின் கூட்டுழைப்பு

விடியற்காலையில் போடியிலிருந்து புறப்படும் ஜீப்புகள் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களைக் கொண்டு சேர்க்கின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் கரடுமுரடான பாதையிலும், பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதித் தோட்டப் பாதைகளிலும் ஜீப்பே துணை. மழைக்காலத்துச் சேற்றில் சாதாரணக் கார் தயங்கி நிற்க, ஜீப் மட்டும் ஏறிச் செல்வது எவ்வாறு?

சாதாரணக் கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சினின் ஆற்றல் முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே செல்கிறது. சேற்றில் அவை பிடிப்பை இழந்தால் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. மலையேறும் ஜீப்பிலோ, ஓட்டுநர் ஒரு நெம்புகோலை மாற்றியதும் நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் பகிரப்படுகிறது. இதற்காக வண்டியின் அடியில் இரும்புத் தண்டுகள் ஓடுகின்றன. இவ்வமைப்பு உறுதியானது, எனினும் எடையும் எரிபொருட்செலவும் மிகுதி.

இக்குறையை நீக்க மின்சாரம் துணைக்கு வந்தது. எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கார் ஹைப்ரிட் கார் எனப்படும். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1997-இல் பிரியஸ் என்னும் ஹைப்ரிட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2001-இல் அந்நிறுவனத்தின் எஸ்டிமா என்னும் ஹைப்ரிட் வண்டியில் பின்சக்கரங்களுக்கெனத் தனி மோட்டார் பொருத்தப்பட்டது. முன்னையும் பின்னையும் இணைக்க இரும்புத் தண்டு இல்லை, மின்கம்பியே போதும். முன்சக்கரம் வழுக்குவதைக் கணினி உணர்ந்து, நொடிப்பொழுதில் பின்மோட்டாருக்கு மின்சாரம் அனுப்புகிறது. தேவையில்லாதபோது அம்மோட்டார் ஓய்வு கொள்கிறது. இன்று அமெரிக்காவில் விற்கப்படும் கேம்ரி என்னும் அன்றாடக் காரிலும், விரும்புவோர் இவ்வமைப்பைப் பெறலாம். இந்தியாவில் விற்கப்படும் கேம்ரியில் முன்சக்கர இயக்கம் மட்டுமே உண்டு.

சரிவில் இறங்கும்போது ஹைப்ரிட் காரின் மோட்டார், மிதிவண்டி டைனமோவைப் போல மின்சாரம் உண்டாக்கிப் பாட்டரியில் சேர்க்கிறது. ஏறும்போது செலவான ஆற்றலில் ஒரு பகுதி இறங்கும்போது திரும்பக் கிடைக்கிறது.

வண்டியின் வடிவமும் அதன் பணிக்கு ஏற்பவே அமைகிறது. நெடுஞ்சாலையில் விரையும் கார், காற்றின் தடையைக் குறைக்கத் தாழ்ந்தும் வளைந்தும் இருக்கிறது. ஜீப்போ, பாறைகள் அடியில் முட்டாதவாறு உயர்ந்து நிற்கிறது. ஆகவே நான்கு சக்கரங்களும் இயங்கினாலும், தாழ்ந்த கார் கொழுக்குமலைப் பாதைக்கு ஏற்றதன்று; மழையில் நனைந்த தார்ச்சாலைக்கே ஏற்றது.

நினைவில் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் உண்டு. எனவே நான்கு சக்கர இயக்கம் வண்டி ஏறுவதற்கு உதவுமேயன்றி, விரைவில் நிற்பதற்கு உதவாது. அனுபவம் மிக்க மலைப்பாதை ஓட்டுநர்கள் கீழ் கியரில் மெதுவாக இறங்குவது இதனை அறிந்தே. இயந்திரம் எவ்வளவு வளர்ந்தாலும், வண்டியில் உள்ளோரின் உயிரைக் காப்பது ஓட்டுநரின் நிதானமே.

சொற்பொருள்
நெம்புகோல் – கையால் அசைத்து இயக்கும் கோல்
கரடுமுரடு – மேடுபள்ளம் நிறைந்தது
நிதானம் – பதற்றமின்மை

வினாக்கள்
1. சேற்றில் சாதாரணக் கார் நகராமல் நிற்பது ஏன்?
2. ஹைப்ரிட் காரில் இரும்புத் தண்டின் வேலையை எது செய்கிறது?
3. உம் ஊர் மலைப்பாதையில் ஓடும் வண்டிகளைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.