படுவான்கரை எருமை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள நிலம் படுவான்கரை எனப்படும். ஞாயிறு படுந் திசையிலுள்ள கரை என்பது பொருள். வயல்வட்டைகளும் குளங்களும் வில்லுகளும் செறிந்த இந்நிலத்துக்கு மருதமென்னும் பெயர் நன்கு பொருந்தும். மருதத்துக்குரிய விலங்குகளுள் எருமையை முன்வைத்து எண்ணுதல் தமிழ் மரபு. அவ்வெருமை இன்றும் படுவான்கரையிற் பட்டி பட்டியாக வாழ்கின்றது.

எருமை நீரை நாடுவதற்குக் காரணம் அதன் தோலிலே உளது. கருந்தோல் வெயிலை மிகுதியாக ஏற்கும். வியர்வைச் சுரப்பிகளோ மாட்டுக்கு உள்ளவற்றினும் மிகக் குறைவு. ஆதலின் நண்பகலில் நீரிலோ சேற்றிலோ கிடந்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். மேனியில் அப்பிய சேறு ஈயையும் உண்ணியையும் தடுக்கும். எருமையைச் சோம்பலுக்கு உவமை கூறுவோர் இதனை அறிந்திலர் போலும்!

வீட்டெருமையை ஆற்றெருமை, சதுப்பெருமை என இரு வகையாகப் பகுப்பர். இந்தியாவின் முரா முதலாயின ஆற்றெருமைகள். அவற்றின் கலங்களில் 50 நிறமூர்த்தங்கள் உள. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் நாடுகளின் சதுப்பெருமைக்கு 48. இலங்கையின் நாட்டெருமை தோற்றத்திற் சதுப்பெருமையை ஒத்தது. எனினும் நிறமூர்த்தங்கள் 50 ஆதலின் ஆற்றெருமையோடு சேர்க்கப்படுகின்றது.

முராவைப்போல் இது பாலைச் சொரிவதன்று. ஆயினும் பாலிற் கொழுப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு, பசும்பாலில் நான்களவே. அப்பாலை மட்சட்டியில் உறைய வைக்குங்கால் நுண்டுளைகளையுடைய சட்டி நீரை உறிஞ்சும். மட்டக்களப்புத் தயிர் வெட்டியெடுக்கத்தக்க இறுக்கம் பெறுதல் இவ்விரண்டின் பயனாகும்.

முற்காலத்திற் களத்திலே சூடு மிதித்ததும் எருமையே. உழவு இயந்திரம் வந்தபின் அவ்வேலை ஒழிந்தது. பட்டியும் தயிருமே எஞ்சின.

பட்டி ஓரிடத்தே தங்குவதன்று. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் பயிருக்கு அழிவு நேராவண்ணம் மேற்கெல்லையிலுள்ள மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்த்துச் செல்வர். வெட்டு முடிந்தபின் வயலுக்கு மீட்பர். அரிதாள் தீனியாகும், சாணம் வயலுக்கு எருவாகும். வேளாண்மைக்காரரும் பட்டிக்காரரும் பகையின்றி வாழ்வது இப்போக்குவரவாலேயே.

அம்மேய்ச்சற்றரைகளுள் மயிலத்தமடுவும் மாதவனையும் பெயர்பெற்றவை. வேறு மாவட்டங்களிலிருந்து வந்தோர் அங்குப் பயிர்செய்தலை எதிர்த்து, 2023 செப்டெம்பரிற் பண்ணையாளர் சித்தாண்டியில் அறப்போராட்டந் தொடங்கினர். வெளியார்க்கு இது வெறுங் காணிப் பிணக்காகத் தோன்றலாம். பட்டிக்காரர் நிலையோ வேறு. மாரியில் வயல்கள் யாவும் பயிர்கொண்டிருக்க, அத்தரையும் இல்லையெனிற் பட்டியை நிறுத்த இடமேது? கட்டுத்தறியில் நிறுத்தித் தீனியிட்டு வளர்த்தற்கு முரா இசையும். நாட்டெருமை கொடுக்கும் ஓரிரு லீற்றர்ப் பாலோ அச்செலவைத் தாங்காது. அது வெளியில் மேய்ந்து, வில்லிற் புரண்டு வாழ்தற்குரியது.