புளூட்டோவின் பனிக்கு அடியில்

புளூட்டோவின் விட்டம் 2,377 கிலோமீட்டர். நம் நிலவைவிடச் சிறியது. அதன் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.85 கிராம். வெறும் நீர்ப்பனியானால் 1 கிராமைக்கூட எட்டாது. முழுப் பாறையானால் 3 கிராமை ஒட்டியிருக்கும். ஆகவே அதன் நிறையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பாறை, எஞ்சியது பெரும்பாலும் பனி என்று கணக்கிடுகிறார்கள். கனத்த பாறை நடுவில் திரண்டிருக்க, பனி அதைப் போர்த்தியிருக்கிறது என்பதே பரவலான கருத்து.

இவ்விரண்டுக்கும் இடையே திரவ நீர்க்கடல் இருக்கலாம் என்பதுதான் பெரும் வியப்பு. மேற்பரப்பின் வெப்பநிலையோ மைனஸ் 230 டிகிரி செல்சியஸை ஒட்டியது! ஆனால் பாறையிலுள்ள யுரேனியம், தோரியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்து வெப்பம் தருகின்றன. அம்மோனியா கலந்தால் நீரின் உறைநிலையும் இறங்கும். 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த படங்கள் இதற்கு வலுச்சேர்த்தன. நைட்ரஜன் பனி நிரம்பிய பள்ளமான ஸ்புட்னிக் சமவெளி, துணைக்கோளான சாரனுக்கு ஏறத்தாழ நேர் எதிர்ப்புறத்தில் கிடக்கிறது. ஒரு பள்ளம் அங்கே நிலைகொள்ள, அதனடியில் கூடுதல் நிறை வேண்டும். பனியைவிடக் கனமான நீர் கீழிருந்து மேலெழுந்திருந்தால் கணக்கு பொருந்துகிறது. நேரடிச் சான்று இன்னும் கிடைக்கவில்லை.

1,212 கிலோமீட்டர் விட்டமுள்ள சாரனின் கதை வேறு. சிறிய உருண்டை விரைவில் ஆறிவிடும். அதன் உட்கடல் உறைந்து பருத்தபோது மேலோடு பிளந்தது என்று கருதுகிறார்கள். 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பள்ளத்தாக்குகள் அதன் தழும்புகள்.