மறுப்பில் பிறந்த காதற்பாட்டு

தனக்குக் காதலே இல்லையென்று சாதிக்கும் ஒருவனுடைய பாட்டை, மென்மையான ராக் சங்கீதத்தின் உத்தமமான காதற்பாட்டுகளுள் ஒன்றாக ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அந்த விசித்திரத்துக்குக் காரணம் சாகித்தியம் மட்டும் அன்று. பாடுகிறவன் மறைக்க முயல்வதையெல்லாம் அவனுக்குப் பின்னாலிருந்து வெளியிட்டுவிடும் அந்தக் குரல் வெள்ளமே என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் நகரத்து ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் ‘டென் சிசி’ என்னும் நால்வர் குழு உருவாக்கி, 1975-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஐ ஆம் நாட் இன் லவ்’ என்ற பாட்டைத்தான் சொல்கிறேன்.

அன்பை வாய்விட்டு அடிக்கடி சொல்வதில்லையே என்று மனைவி குறைப்பட்டபோது, ஓயாமல் சொன்னால் அந்தச் சொல் சாரமிழந்து போகுமென்று கருதிய குழு அங்கத்தினர் எரிக் ஸ்டுவர்ட், சொல்லாமலே சொல்வதற்கு ஓர் உபாயமாக இதை எழுதத் தொடங்கி, சக அங்கத்தினர் கிரஹாம் கோல்ட்மனுடன் சேர்ந்து முடித்தார். முதலில் பிரேசில் நாட்டுப் போஸா நோவா தாளத்தில் அமைந்திருந்த அதை மற்றொரு சகாவான கெவின் காட்லி சிறிதும் ரசிக்கவில்லை, பாட்டும் கைவிடப்பட்டது. ஆனால் ஸ்டூடியோ ஊழியர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்ததால் மறுபடியும் அதை எடுத்தபோது, வாத்தியங்களை ஒதுக்கிவிட்டுக் குரல்களாலேயே அமைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவரும் அதே காட்லிதான்.

குழுவில் மூவர் நின்று, ஒரே ஸ்வரத்தை ‘ஆ’ என்று நீட்டிப் பாட, அதைப் பதினாறு தடவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தால் ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல்கள் சேரும். இவ்வாறே ஸ்தாயியின் ஸ்வரங்கள் ஒவ்வொன்றுக்கும் சலிக்காமல் பாடினார்கள். இந்த வேலைக்கு மூன்று வாரங்கள் ஆயின. ஒலிப்பதிவு நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, மைக் ஸ்டாண்டில் மாட்டிய சிறு உருளையைச் சுற்றி ஓடவிட்டால், மூச்சு விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஸ்வரம் கிடைக்கும். ஒலிக்கலவை மேசையில் ஸ்வரத்துக்கு ஒன்றாக இருந்த பிடிகளை ஏற்றியும் இறக்கியும், அந்த மேசையையே ஹார்மோனியம் போல் வாசித்தார்கள். பிடிகள் முற்றிலும் கீழே இறங்காதபடி ஒட்டுநாடாவால் தடுத்திருந்தபடியால் எல்லா ஸ்வரங்களும் ஓயாத மெல்லிய மூச்சாக அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. யந்திரம் எவ்வளவு சூழ்ந்திருந்தாலும் கேட்பது மனிதக் கண்டமே.

பாட்டின் நடுவிலே ஒரு பெண் ரகசியம் பேசுவாள். ஸ்டுவர்ட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருப்பதைப் பதிவுக்கு இடையூறின்றித் தெரிவிக்க எண்ணிய அலுவலகக் காரியதரிசி, கதவைத் திறந்து மிக மெதுவாகச் சொன்னாராம். அந்த க்ஷணமே, ‘இதுதான் வேண்டிய குரல்’ என்று குழுவின் நான்காமவரான லால் கிரீம் கண்டுகொண்டார்.

ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டாதலால் முதலில் வேறொரு பாட்டையே தனி இசைத்தட்டாக விட்டார்கள். பின்னால் வந்த இதுவோ, ஜூன் மாத இறுதியிலிருந்து இரண்டு வாரம் பிரிட்டனில் முதலிடத்திலும், பிறகு அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாமிடத்திலும் நின்றது. அடுத்த ஆண்டே காட்லியும் கிரீமும் குழுவை விட்டு விலகிவிட்டார்கள்.