தலையைத் திருப்பினால் கை ஏன் மடங்குகிறது?

பூரணாங்குப்பத்தில் எங்க அக்கா பையன் நாலாவது படிக்கிறான். வாசிக்கும்போது வரி தவறுகிறது. "தம்பி, குழந்தையிலே இருந்த ரிஃப்ளெக்ஸ் இன்னும் போகலையாம், பயிற்சிக்கு வரச் சொல்றாங்க. பணம் கட்டலாமா?" என்று அக்கா கேட்டாங்க. அதற்காகத் தேடிப் படித்தது இது.

மல்லாந்து படுத்த கைக்குழந்தையின் தலை ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கக் கை நீளும், மறுபக்கக் கை மடங்கும். சுமார் ஆறு மாதத்தில் இந்த அனிச்சைச் செயல் அடங்கிவிடும். அடங்காவிட்டால் எழுத்தும் வாசிப்பும் கெடும் என்பது பயிற்சிக்காரர்கள் வாதம். பையனைக் கையும் முட்டியும் ஊன்றி நிற்க வைத்துத் தலையைத் திருப்பினேன். முழங்கை லேசாக மடங்கியது. ஆனால் நன்றாகப் படிக்கிற அவன் அக்காவுக்கும் மடங்கியதே!

ஆதாரமாகச் சொல்லப்படுவது 2000-இல் 'லான்செட்' இதழில் வந்த பெல்ஃபாஸ்ட் ஆய்வு. வாசிப்பில் பின்தங்கிய, இந்த அனிச்சை மிச்சமிருந்த 60 பிள்ளைகள். 20 பேராக மூன்று குழு. கைக்குழந்தை அசைவுகளைத் திரும்பச் செய்த குழு ஓராண்டில் மற்ற இரண்டையும்விட முன்னேறியது. ஒரு குழுவுக்குச் சம்பந்தமில்லாத அசைவுகளைக் கொடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள், நல்ல வடிவமைப்புதான். ஆனால் இருபது டெஸ்ட் கேஸ் பாஸானதை வைத்து நான் எந்த மென்பொருளையும் ரிலீஸ் பண்ண மாட்டேன்.

"பணம் கட்டாதீங்க அக்கா. பாயில் பத்து நிமிஷம் பண்ணட்டும், கெடுதல் இல்லை. முதல்ல கண், காது பார்த்துடலாம். அப்புறம் ஜிப்மர்ல காட்டலாம்" என்றேன். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சான்றிதழ் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

"அதுவரைக்கும்?" என்றாங்க. தினமும் ராத்திரி எழுத்தை விரலால் தொட்டு, ஒலியைச் சொல்லி வாசிக்கிறான். ஒரு வாரம் ஆச்சு.