அமுக்கிவிட்டால் போதுமா இடுப்பு வலிக்கு?

மக்காச்சோளக் காட்டில் களை எடுத்துவிட்டு நிமிரும்போது, 'அம்மாடி' என்று கை பின்னால் போகிறதே, அது எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் நடுமுதுகை இல்லை. பிட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாகக் குழி விழுந்த இடம். முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு அங்கேதான் இருக்கிறது. சில மில்லிமீட்டர் அளவே அசையும். ஆனால், மேல் உடம்பின் பாரம் முழுக்க அதன் வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது.

விருதுநகர் மாவட்டக் கரிசல் காட்டுப் பெண்களுக்கு இந்த வலி இரண்டு பக்கமும் காத்திருக்கிறது. மழைக்காலத்தில் குனிந்தபடி களையெடுப்பு. காட்டில் வேலை இல்லாதபோது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை. தரையில் சம்மணம் போட்டு மணிக்கணக்கில் வேலை செய்ய வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால், எழுந்தால் காசு குறையும். அதனால் எழுவதில்லை.

வலி வந்தால் சுளுக்கு எடுப்பவரிடம் போவார்கள். கால் முதலில் வந்து பிறந்தவரை மிதிக்கச் சொல்வதும் உண்டு. பிசியோதெரபிஸ்டும் கையால்தான் வைத்தியம் செய்கிறார். ஆனால், முதலில் சோதிப்பார். மல்லாக்கப் படுக்கவைத்து, மடக்கிய முழங்கால் வழியாக அழுத்திப் பார்ப்பார். இடுப்பெலும்பைப் பக்கவாட்டில் அழுத்துவார். ஒரு சோதனையில் வலித்தால் போதாது. மூன்று, நான்கிலும் அதே வலி வந்தால்தான் இந்த மூட்டைச் சந்தேகிப்பார். பிறகு இறுகிய தசையைத் தளர்த்தி, மூட்டை மெல்ல அசைத்துக் கொடுப்பார்.

'சடக்'கென்று சத்தம் கேட்டால், விலகிய எலும்பு உட்கார்ந்துவிட்டதாகச் சொல்வார்கள். அப்படி இல்லை. எலும்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இறுக்கமும் வலியும் கொஞ்ச நாளைக்குக் குறைகின்றன. அந்த நாட்களில் பயிற்சியைத் தொடங்காவிட்டால் வலி திரும்பிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், நாட்பட்ட இடுப்பு வலிக்குக் கைச்சிகிச்சையோடு உடற்பயிற்சியும் இருக்கிறது. பலர் காசு கொடுத்து வாங்கும் இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் போட வேண்டாம் என்கிறது.

எளிய பயிற்சி ஒன்று: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிட்டத்தை உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்து முறை போதும். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். ஆலையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள். பிட்டத்துக்கு அடியில் மடித்த பருத்திச் சேலை வைத்தால் இடுப்பு வளைவது குறையும். நைலான் துணி கூடாது. உரசலில் மின்சாரம் உண்டாகும், பட்டாசு மருந்து இருக்கும் இடம் அது. காட்டில், நீளக் கைப்பிடி போட்ட களைக்கொத்தி இருந்தால் நின்றபடியே வேலை நடக்கும்.

சிலருக்கு இடுப்பில் யாரும் கைவைக்கவே கூடாது. சிறுநீர் அடக்க முடியாமை அல்லது வராமை, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமை இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு உடம்பு இளைத்து வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். கீழே விழுந்த பிறகு வந்த வலிக்கும், எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கும் மிதிப்பது எலும்பையே முறித்துவிடும்.

நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுக்கலாம். எந்த வேலையின்போது வலி தொடங்கியது, எந்தப் பக்கம், புரண்டு படுக்கும்போது கூடுகிறதா என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.