கேபிளுக்கு ஏற்ற கிளாண்ட்

மண்ணுக்கடியில் வரும் ஆர்மர்டு கேபிளுக்குள் இரும்புக் கம்பிக் கவசம் உண்டு. அந்தக் கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் மாட்டுவதுதான் கிளாண்ட். கேபிளை இறுகப் பிடிப்பதோடு, கவசத்தை எர்த்துடன் இணைப்பதும் அதன் வேலை. அந்த இணைப்பு தளர்ந்தால், பழுது நேரும்போது கவசத்தைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கலாம்.

ஈரமில்லாத உட்புறத்துக்கு சிங்கிள் கம்ப்ரஷன் வகை கிளாண்ட் போதும். டபுள் கம்ப்ரஷன் வகை கவசத்தையும் வெளியுறையையும் தனித்தனியே இறுக்குவதால் மழைநீரும் தூசியும் எளிதில் புகாது. மொட்டைமாடிக்கும் பம்ப் ரூமுக்கும் இதுவே பொருத்தம்.

ஒரே சதுர மில்லிமீட்டர் கேபிளானாலும் கம்பெனிக்குக் கம்பெனி வெளிவிட்டம் மாறும். அதை வெர்னியரால் அளந்தே கிளாண்ட் வாங்க வேண்டும்.

சிங்கிள் கோர் ஏசி கேபிள் என்றால் கவசம் அலுமினியத்தில் இருக்கும். இரும்பானால் காந்தப்புலத்தால் சூடேறும். அதனால் கிளாண்ட் பொருத்தும் தகடும் காந்தம் ஒட்டாத உலோகமாக இருக்க வேண்டும்.